பாடும்போது குரல் தடுமாறினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வாய்ப்பாட்டு கற்க வருபவர் பள்ளிக் குழந்தையானாலும், பணி ஓய்வுக்குப் பின் ஆசையோடு வரும் பெரியவரானாலும், முதல் மாதத்திலேயே என்னிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: தொண்டை சரியில்லை. அப்படிச் சொன்னவர்களில் மிகப் பலருக்குத் தொண்டையில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. கட்டை (ஒருவர் 'ஸ' என்று வைத்துப் பாடும் ஒலியின் உயரம்) பொருந்தாமலோ, சுருதி (பின்னணியில் தொடர்ந்து ஒலிக்கும் ஆதார ஒலி) காதில் விழாமலோ, களைத்த குரலுக்கு ஓய்வு கொடுக்காமலோ அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆகவே, செலவில்லாத காரணத்தை முதலில் பார்ப்பது, அது இல்லை என்று உறுதியான பிறகே அடுத்ததற்குப் போவது என்ற ஒழுங்கில் இதை எழுதியிருக்கிறேன். கர்நாடக இசைப் பாடமுறையை வைத்து எழுதினாலும், மெல்லிசையோ திருமுறையோ பாடுபவர்களும் தங்கள் குறையைத் தேடிப் படிக்கலாம்.

## எந்தக் குறையானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

முதலாவது, பதிவு. கைப்பேசியை நான்கடி தள்ளி வைத்து, சுருதியோடு இரண்டு சரளி வரிசைகளையும் (தொடக்க ஸ்வரப் பயிற்சி) தெரிந்த ஒரு கீதத்தையும் (எளிய தொடக்கப் பாட்டு) பாடிப் பதிவுசெய்ய வேண்டும். பாடுபவருக்குத் தம் குரல் எலும்பின் வழியாகவும் கேட்பதால், பதிவில் கேட்கும் குரல் அவர் பழகியதிலிருந்து வேறாக இருக்கும். அந்த வேறுபாட்டைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை.

இரண்டாவது, கட்டை. கீழ்ப் பஞ்சமம் (ப) தெளிவாகக் கேட்க வேண்டும். மேல் ஷட்ஜத்தில் (ஸ) நின்று கார்வை கொடுக்க, அதாவது ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க, முடிய வேண்டும். மேல் காந்தாரத்தை (க) கத்தாமல் தொட முடிய வேண்டும். இம்மூன்றும் கூடிவரும் இடமே அவருடைய கட்டை. ஆண்களுக்கு அது பெரும்பாலும் 1 கட்டை முதல் 2 கட்டைக்குள்ளும், பெண்களுக்கு 4½ முதல் 6 கட்டைக்குள்ளும் அமையும். சிறு குழந்தைக்குக் கீழ்ப் பஞ்சமம் எட்டாது. அதைக் கேட்டு வற்புறுத்தவும் கூடாது. ஆசிரியரின் கட்டையிலேயே மாணவரும் பாட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரை கேட்க வேண்டிய தேவை நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா காலத்துப் பாடகர்களை உயர்ந்த சுருதிக்குக் கொண்டு சென்றது. ஒலிபெருக்கி வந்த பின், கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன் மிகவும் தாழ்ந்த சுருதியில் பாடியே தமக்கென ஒரு பாணியை நிலைநிறுத்தினார். உயர்ந்த கட்டை உயர்ந்த சங்கீதம் என்ற எண்ணத்தைப் பெற்றோர்கள் விட்டுவிட்டால், பாதிக் குரல்கள் தாமாகவே தெளியும்.

மூன்றாவது, கடந்த மூன்று நாள்களின் கணக்கு. எத்தனை மணி நேரம் பாடினார், எவ்வளவு உரக்கப் பேசினார், சளி பிடித்ததா, எப்போது உறங்கினார், என்ன மாத்திரை உட்கொண்டார் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஜலதோஷத்துக்கு உட்கொள்ளும் பல மாத்திரைகள் தொண்டையை உலரச் செய்பவை. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் பயன்படுத்துபவருக்கு அதனாலேயே குரல் கம்மக்கூடும். மருந்தை இழுத்தபின் வாய் கொப்பளித்தாரா என்று கேட்க வேண்டும், மருந்தைத் தாமாக நிறுத்தச் சொல்லக் கூடாது.

இந்த வழிமுறை முழுவதற்கும் பொருந்தும் விதி ஒன்று உண்டு. எந்தப் பயிற்சியிலாவது தொண்டையில் வலி எடுத்தால், அந்தப் பயிற்சி அந்த நொடியே நிற்க வேண்டும். கால் வலிக்க நடந்து கால் உரம் பெறுவதுபோல் தொண்டை வலிக்கப் பாடிக் குரல் உரம் பெறுவதில்லை.

## சுருதி சேரவில்லை

### எல்லா ஸ்வரங்களும் ஒருசேர விலகினால்

பாடுபவரை விட்டுவிட்டுச் சுருதியை முதலில் சோதிக்க வேண்டும். கைப்பேசியின் சிறிய ஒலிவாயில் தம்புராவின் கீழ் ஒலிகள் பெரும்பாலும் வருவதில்லை. அதைத் தனி ஒலிபெருக்கியில் இணைத்த அன்றே பலருக்குச் சுருதி சேர்ந்திருக்கிறது. காற்றால் இயங்கும் பழைய சுருதிப் பெட்டியில் நாக்குகள் தேய்ந்து, ஷட்ஜமும் பஞ்சமமுமே ஒன்றுக்கொன்று விலகியிருக்கலாம். சுருதி காட்டும் கைப்பேசிச் செயலியை அருகில் வைத்து இரண்டையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

மின்னணுப் பெட்டியானால் அதில் ஷட்ஜத்தோடு ஒலிக்கும் ஸ்வரம் பஞ்சமமாக இருக்கிறதா, மத்திமமாக (ம) இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு சிறுமி மாதக்கணக்கில் பஞ்சமத்தில் தடுமாறுவதாக அவள் தாயார் கவலையோடு அழைத்துவந்தார். வீட்டில் இருந்த பெட்டி, யாரோ எப்போதோ மத்திமத்துக்குத் திருப்பிய நிலையிலேயே இருந்தது. குழந்தை ஒவ்வொரு நாளும் பஞ்சமத்தைப் பாட முயன்று, காதில் விழுந்த மத்திமத்தின் பக்கம் சரிந்துகொண்டிருந்தாள். அவளுடைய காது நல்ல காது, அதனால்தான் சரிந்தாள்.

இணையவழி வகுப்பானால் இன்னொரு காரணமும் உண்டு. காணொளிச் செயலிகள் பின்னணி இரைச்சலை அடக்குவதாக நினைத்து, ஒரே சீராக ஒலிக்கும் சுருதியையும் அடக்கிவிடுகின்றன. அந்த வசதியை அணைத்து, மூல ஒலியை அனுப்பும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலி தாமதமாகப் போய்ச் சேருவதால் இருவரும் சேர்ந்து பாடுவது இயலாது. மாணவர் தம் வீட்டுச் சுருதியோடுதான் பாட வேண்டும், ஆசிரியர் அனுப்பும் சுருதியோடு அன்று.

### தொடக்கத்தில் சேர்ந்து, போகப்போகத் தாழ்ந்தால்

இது காதின் குறையன்று, களைப்பு. கட்டையை அரை குறைத்து அதே பாடத்தைப் பாடச் சொல்லுங்கள். தாழ்வது நின்றால் கட்டைதான் காரணம். நிற்காவிட்டால், அமர்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். பாட்டு நோட்டைத் தரையில் வைத்துக் குனிந்து பாடும் பழக்கம் கழுத்தை மடக்கி மூச்சையும் குறுக்குகிறது. நோட்டைக் கண்ணின் உயரத்துக்கு ஏற்ற ஒரு பலகை போதும். அதன் பிறகும் தாழ்ந்தால் பயிற்சி நேரத்தைப் பாதியாக்கி, காலையும் மாலையுமாகப் பிரிக்க வேண்டும்.

### குறிப்பிட்ட ஸ்வரம் மட்டும் விலகினால்

தொடக்கப் பாடங்களுக்குரிய ராகமான மாயாமாளவகௌளையில் தொடங்கும் மாணவர்களுக்கு ரிஷபமும் (ரி) தைவதமும் (த) உயர்ந்தும், காந்தாரமும் நிஷாதமும் (நி) தாழ்ந்தும் விலகுவது வழக்கம். ஷட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள சிறிய இடைவெளியும், அங்கிருந்து அந்தர காந்தாரத்துக்குத் தாண்ட வேண்டிய பெரிய இடைவெளியும் புதிய காதுக்குப் பழக்கமில்லாதவை. திரைப்பாடலும் கீபோர்டும் முன்பே பழகிய குழந்தை தன்னையறியாமல், மேற்கத்திய மேஜர் ஸ்கேலை ஒத்த சங்கராபரண ராகத்தின் பக்கம் நழுவும்.

ஆரோகணத்தில் (ஏறுவரிசையில்) இதைத் திருத்த முயல்வது வீண். காந்தாரத்தைப் பஞ்சமத்திலிருந்து இறங்கிவந்து பிடிக்கச் செய்யுங்கள்: ப ம க என்று வந்து, காந்தாரத்தில் எட்டு அட்சரம் (தாள எண்ணிக்கை) நிற்க வேண்டும். ரிஷபத்துக்கு ஸ ரி ஸ என்பதை மட்டும், ரிஷபம் ஷட்ஜத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துப் பாடச் செய்யுங்கள். ஸ்வரங்களை இரட்டித்துப் பாடும் ஜண்டை வரிசையில் இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் கொடுக்கும்போது ரிஷபம் மேலும் உயரும் என்பதால், சரளி வரிசையில் இது நேராகாமல் ஜண்டைக்குப் போகக் கூடாது. பாடத்தை முடிக்கும் அவசரத்தில் இந்த இடத்தைத் தாண்டியவர்கள் வர்ணம் வரை அதே பிழையைச் சுமந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

### விலகுவதே அவருக்குத் தெரியாவிட்டால்

பதிவைப் போட்டுக் காட்டுங்கள். பதிவில் கேட்டு "இங்கே தப்பு" என்று அவரே சுட்டினால் காது நன்றாக இருக்கிறது. பாடும்போது சுருதியைக் கவனிக்கும் பழக்கம்தான் வரவில்லை. சுருதியின் ஒலியளவைக் கூட்டி, குரலைப் பாதியாகக் குறைத்துப் பாடச் சொன்னால் சில வாரங்களில் அது வரும்.

பதிவிலும் தெரியவில்லையென்றால் முறையைத் திருப்பிப் போட வேண்டும். ஆசிரியரின் ஸ்வரத்தை மாணவர் பிடிப்பதற்குப் பதிலாக, மாணவர் எதைப் பாடுகிறாரோ அதையே ஷட்ஜமாக வைத்துச் சுருதிப் பெட்டியை அதற்குத் திருப்புங்கள். தம் குரல் சுருதியோடு கலந்து ஒன்றாகும் உணர்வை வாழ்க்கையில் முதன்முறையாக அவர் அப்போது அறிவார். பின்னர் அரையரைக் கட்டையாக நகர்த்தி உரிய இடத்துக்கு அழைத்துவரலாம். ஆண் ஆசிரியரிடம் கற்கும் சிறுமியும், பெண் ஆசிரியரிடம் கற்கும் ஆணும் ஸ்தாயிக் (ஒரு 'ஸ' முதல் அடுத்த 'ஸ' வரையிலான ஸ்வர எல்லை) குழப்பத்தில் சிக்குவதும் உண்டு. அவர்களுக்கு, அவர்கள் வயதையும் குரலையும் ஒத்த இன்னொரு மாணவர் பாடிக் காட்டினால் சிக்கல் அன்றே அவிழும்.

மூன்று மாதம் இப்படி முயன்றும் ஒரு ஸ்வரத்தைக்கூடப் பொருத்த முடியாவிட்டால், செவித்திறன் சோதனைக்கு அனுப்ப வேண்டும். குழந்தைகளில் காதுக்குள் நீர் கோத்திருப்பதும் குறும்பி அடைத்திருப்பதும் அரிதல்ல. தொலைக்காட்சியை உரக்க வைக்கும் குழந்தையானால் மூன்று மாதம் காத்திருக்கவே வேண்டாம்.

## மேல் ஸ்தாயியில் தொண்டை இறுகுகிறது, குரல் உடைகிறது

6 கட்டையில் பாடும் பெண் மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது அவருடைய குரல் நாண்கள் நொடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதி விலகுகின்றன. அந்த இடத்தில் வலிந்து அழுத்துவது என்ன செய்யும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் படியுங்கள்.

கண்ணாடி முன் பாடச் சொல்லிப் பாருங்கள். மோவாய் மேலே எழுகிறதா, புருவம் ஏறுகிறதா, கழுத்து நரம்பு புடைக்கிறதா? மூன்றில் ஒன்று தெரிந்தாலும் முதல் வேலை அதை நிறுத்துவதுதான். எழுந்து நின்று, கையைத் தளரவிட்டு, பாடியபடியே தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தால் கழுத்தை இறுக்க இயலாது. அடுத்து உயிரொலியை மாற்றிப் பாருங்கள். 'ஈ' என்று வரும் இடத்தில் இறுகி, அதே ஸ்வரம் 'ஆ'விலும் 'ஊ'விலும் எளிதாக வந்தால், குறை வாயின் அமைப்பில் இருக்கிறது; 'ஈ'யைச் சொல்லும்போதும் உள்வாயை 'ஆ'வுக்குரிய அளவு திறந்து வைக்கப் பழக்கினால் போதும்.

குரல் ஒரே இடத்தில் உடைந்துகொண்டிருந்தால் ஒரு சோதனை செய்யலாம். எந்த ஸ்வரத்தில் உடைகிறது என்று குறித்துக்கொண்டு, கட்டையை ஒன்று குறைத்து அதே சங்கதியை (பாட்டு வரியின் இசை வடிவத்தை) பாடச் சொல்லுங்கள்.

### கட்டையைக் குறைத்தபின் உடைவு மேல் ஸ்வரத்துக்கு நகர்ந்தால்

அது குரலின் இயல்பான மடிப்பு. கனத்த குரல் மெல்லிய குரலாக மாறும் இடம். எல்லாக் குரலிலும் அது உண்டு. அதைக் கத்திக் கடப்பதும் தவறு, அங்கே வந்ததும் கள்ளக்குரலுக்கு (செயற்கையான மெல்லிய குரலுக்கு) தாவி ஒளிந்துகொள்வதும் தவறு. மடிப்புக்கு இரண்டு ஸ்வரம் கீழேயே ஒலியளவைக் குறைத்து, உதடுகளை மூடி 'ம்' என்று மேலேறிக் கீழிறங்குவதும், மெல்லிய உறிஞ்சுகுழாயை உதட்டில் வைத்து அதன் வழியே 'ஊ' என்று ஏற்ற இறக்கமாகப் பாடுவதும் இந்த மடிப்பை நாளடைவில் மென்மையாக்கும். குழாயின் நுனியை இரண்டு விரற்கடை தண்ணீரில் அமிழ்த்திக் குமிழிவிட்டுப் பாடினால், அழுத்தம் கூடும் இடம் குமிழியிலேயே தெரிந்துவிடும். நாளொன்றுக்கு ஐந்தைந்து நிமிடம் இருமுறை போதுமானது. மேல்ஸ்தாயி வரிசையை இது ஓரளவு கைவந்த பிறகே தொடங்க வேண்டும்.

### அதே ஸ்வரத்திலேயே உடைந்தால்

குரலில் குறையில்லை. அந்தச் சங்கதியைக் கற்ற நாளில் பயந்து பாடிய பழக்கம் தங்கிவிட்டது. சாகித்தியத்தை (பாட்டின் சொற்களை) நீக்கி, ஸ்வரமாகவும் பின் அகாரமாகவும் ('ஆ' என்ற ஒலியிலும்) பாதி வேகத்தில் புதிதாகக் கற்பித்தால் சரியாகும்.

முன்பு எளிதாக வந்த மேல் ஸ்வரங்கள் சில வாரங்களாக, சளி எதுவும் இல்லாமலே, வராமல் போயிருந்தால் மேற்சொன்ன எதையும் முயல வேண்டாம். குரல் நாண்களில் வீக்கமோ முடிச்சோ தோன்றும்போது முதலில் குறைவது மென்மையாகப் பாடும் மேல் ஸ்வரங்கள்தான். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நேரே செல்ல வேண்டும்.

## கீழ் ஸ்தாயியில் குரல் காற்றாகிப் போகிறது

கட்டை தாழ்வாக இருப்பதே பெரும்பாலும் காரணம். அரைக் கட்டை ஏற்றிப் பாருங்கள். கீழே போகும்போது மோவாயை மார்போடு அழுத்துவதும், கனமான குரலைச் செயற்கையாக வரவழைப்பதும் அடுத்த காரணங்கள். மந்தரஸ்தாயி வரிசையைக் குரல் இன்னும் பேசிக் களைக்காத விடியற்காலையில், பேச்சுக்குரலின் அளவிலேயே பாடினால் ஒவ்வொரு ஸ்வரமாகக் கீழே திறக்கும். இதில் அவசரம் பயன் தராது.

## மூச்சு போதவில்லை

'அடிவயிற்றிலிருந்து பாடு' என்ற அறிவுரை வகுப்புதோறும் ஒலிக்கிறது. அதைக் கேட்ட மாணவர் வயிற்றை இறுக்கி உள்ளே தள்ளுகிறார், மூச்சு இன்னும் விரைவாகத் தீர்கிறது. மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் ஒரு புத்தகத்தை வைத்து, மூச்சு இழுக்கும்போது அது எழுவதையும் பாடும்போது மெதுவாகத் தாழ்வதையும் அவரே காணட்டும். எழுந்து அமர்ந்தபின் தோள் ஏறாமல் அதையே செய்ய வேண்டும். மூச்சு எடுக்கும் இடங்களை நோட்டில் கோடிட்டுக் குறிப்பதும் பயன் தரும். பல மாணவர்கள் மூச்சில்லாமல் தவிப்பதில்லை, எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல் சொல்லின் நடுவில் எடுப்பதால் தவிக்கிறார்கள்.

இவற்றுக்குப் பிறகும் குறை நீடித்தால் கடிகாரத்தோடு ஒரு சோதனை உண்டு. முழு மூச்செடுத்து, குரலில்லாமல் 'ஸ்ஸ்' என்று காற்றை மட்டும் எவ்வளவு நேரம் விட முடிகிறது என்று அளக்க வேண்டும். பின், நாக்கை அதே இடத்தில் வைத்து, வண்டின் ரீங்காரம்போல் குரலோடு சேர்த்து விட்டு அளக்க வேண்டும். மும்மூன்று முறை அளந்து நீண்டதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம் நின்று, இரண்டுமே குறைவாக இருந்தால் மூச்சுப் பழக்கம்தான் காரணம். படியேறினாலே மூச்சு வாங்குகிறவரானால் பொது மருத்துவரைப் பார்க்க வேண்டும். காற்று 20 நொடி நிற்க, ரீங்காரம் 14 நொடிக்குக் கீழே நின்றுவிட்டால், குரல் நாண்கள் முழுமையாகச் சேரவில்லை என்ற ஐயம் எழுகிறது. அதைத் தீர்ப்பது பாட்டு ஆசிரியரின் வேலையன்று.

## குரல் மூக்கில் தங்குகிறது

'ஆ' என்று கார்வை கொடுத்தபடி மூக்கை இரு விரலால் பிடித்து மூடி, பின் திறந்துவிட வேண்டும். ஒலி மாறாவிட்டால் மூக்கில் பாடவில்லை. கேட்பவருக்கு அப்படித் தோன்றுவது நாக்கின் பின்பகுதி தடித்து எழுவதால் இருக்கலாம். ஒலி மாறினால் மேலண்ணத்தின் மென்பகுதி தாழ்ந்து காற்று மூக்குக்குப் போகிறது. கொட்டாவியின் தொடக்கத்தில் உள்வாய் விரிவதை உணரச் செய்து, 'ங்' என்று தொடங்கி 'கா' என்று திறக்கும் பயிற்சியை ஒவ்வொரு ஸ்வரத்திலும் கொடுத்தால் ஓரிரு மாதங்களில் மாற்றம் கேட்கும். பிறந்ததிலிருந்தே பேச்சும் மூக்கொலியாக இருந்து, தண்ணீர் குடிக்கும்போது மூக்கு வழியே வருவதும் உண்டென்றால் அது அண்ணத்தின் அமைப்பு சார்ந்தது; மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

## காற்றுக் கலந்து, ஒலியில்லாமல் வருகிறது

அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டாருக்குக் கேட்கக் கூடாதென்று அடங்கிப் பாடியே பழகிய பெண் குழந்தைகளிடம் இதை அதிகம் காண்கிறேன். குரல் பலவீனமாக இல்லை. வெளியே வர அனுமதிக்கப்படவில்லை. கதவைத் திறந்து, கூடத்தின் மறுகோடியில் ஆசிரியர் நின்று, அங்கிருந்து ஒருவரை அழைக்கும் அளவில் 'ஆ' என்று தொடங்கச் சொல்ல வேண்டும். ஒலிவாங்கியை உதட்டருகே வைத்துக் கிசுகிசுத்துப் பாடும் மெல்லிசைப் பாணியைப் பின்பற்றுவதும் காரணமாகலாம். பேச்சிலும் அதே காற்று இருந்தால் மருத்துவரே அடுத்த படி.

## பிருகா ஓடவில்லை, அகாரம் குழம்புகிறது

விரலை மோவாயில் வைத்துப் பாடச் சொல்லுங்கள். தாடை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஆடினால் பிருகாவை (விரைந்து ஓடும் ஸ்வரக் கோவையை) தாடை பாடுகிறது. 'ஹ ஹ' என்று கேட்டால் மூச்சு பாடுகிறது. அலங்காரத்தை (தாளத்தோடு பாடும் பயிற்சி வரிசையை) முதல் காலத்தில் (அடிப்படை வேகத்தில்) அகாரமாக, ஸ்வரம் ஒவ்வொன்றும் எழுதிக்கொள்ளும் அளவு தெளிவாகப் பாடிய பிறகே இரண்டாம் காலத்துக்குப் போக வேண்டும். சிலருடைய சாரீரம் (பாடும் குரல்) கார்வைக்கும் கமகத்துக்கும் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுதல்) ஏற்றதாக இருக்கும். அவர்களைப் பிருகாவுக்கு வற்புறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

## பையனின் குரல் திடீரென்று உடைந்துவிட்டது

12 முதல் 15 வயதுக்குள் இது நேர்ந்தால் இது நோயன்று, மகரக்கட்டு. குரல்வளை விரைந்து வளர்ந்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது; சில மாதங்களில் முடிபவரும் உண்டு, ஓரிரு ஆண்டுகள் நீடிப்பவரும் உண்டு. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பையன்கள் இசையைக் கைவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அவர்கள் விட்டுப் போவது குரல் உடைந்ததால் அன்று. உடைந்த குரலைக் கேட்டுப் பிறர் சிரித்ததால். ஆகவே வகுப்பில் அவனைத் தனியாகப் பாடவைக்க வேண்டாம்.

பாடம் நிற்க வேண்டியதில்லை. பழைய கட்டையை மறந்துவிட்டு, மாதம் ஒருமுறை அவன் வசதியாகப் பேசும் இடத்தையொட்டிக் கட்டையைப் புதிதாகக் கண்டுபிடியுங்கள். அந்த ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் நாளுக்கு இருபது நிமிடம் மென்மையாகப் பாடினால் போதும். மீதி நேரத்தைத் தாளத்துக்கும், ஸ்வரம் எழுதவும், ராகம் கேட்கவும், விருப்பமிருந்தால் வயலினோ வீணையோ தொடங்கவும் பயன்படுத்தலாம். மேல் ஸ்தாயியைப் பழைய உயரத்தில் பிடித்துவைக்க அவனை முயலவிடக் கூடாது. கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் முரட்டுச் சாரீரத்தை இடைவிடாத சாதகத்தால் (பாட்டுப் பயிற்சியால்) வசப்படுத்தியதை எடுத்துக்காட்டிப் பையனை மணிக்கணக்கில் பாடவைக்கும் பெற்றோர் உண்டு. அவருடைய விடாமுயற்சியைக் கற்பிக்கலாம். வளர்ந்துகொண்டிருக்கும் குரல்வளையின்மேல் அதைச் சுமத்தலாகாது.

17 வயதைக் கடந்தும் குரல் இறங்காமல் பெண் குரலாகவே இருந்தால் மருத்துவரைக் கண்டு, பின் பேச்சு மொழிப் பயிற்சியாளரிடம் செல்ல வேண்டும். அவர்களிடம் சில அமர்வுகளிலேயே பலருக்கு முதிர்ந்த குரல் கிடைத்துவிடுகிறது. பெண் குழந்தைகளுக்கும் இந்த வயதில் குரல் சிறிது இறங்கிக் காற்றுக் கலக்கும்; அரைக் கட்டையோ ஒரு கட்டையோ குறைத்துப் பொறுத்திருந்தால் தெளியும். மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்குக் குரல் கனப்பதும் இயல்பே; அங்கும் தீர்வு கட்டையைக் குறைப்பதுதான்.

## கரகரப்பு, கம்மல், தொண்டைக் கட்டு

### பாடி முடித்தபின் தோன்றி, காலையில் சரியானால்

இது மிகைப் பயிற்சி. ஒரே அமர்வில் நாற்பது நிமிடத்துக்கு மேல் பாடாமல், இடையில் பத்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர் போன்றோருக்குப் பகலில் பேசியதும் பாடியதற்கு நிகரான உழைப்பே. அவர்கள் மாலையில் சாதகம் செய்வதைத் தவிர்த்து விடியற்காலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

### காலையில் மோசமாகவும், பகலில் மேலாகவும் இருந்தால்

இரவில் வயிற்று அமிலம் மேலேறுவது காரணமாக இருக்கலாம்; நெஞ்செரிச்சல் இல்லாமலும் இது நேரும். கச்சேரி முடிந்து இரவு பத்தரைக்குச் சாப்பிட்டு உடனே படுப்பவர்களிடம் இதைக் காணலாம். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன் உணவை முடித்து, கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி மூன்று வாரம் பார்க்க வேண்டும். மாறாவிட்டால் மருத்துவர்.

### சளியோடு வந்தால்

பாடக் கூடாது. இருபது வயதில், ஒத்துக்கொண்ட கச்சேரியை விட மனமில்லாமல் சளியோடு இரண்டு மணி நேரம் பாடி, அதன்பின் மூன்று மாதம் ஒரு கீதம்கூடப் பாட முடியாமல் இருந்தவன் நான். அந்தச் சபை அந்தக் கச்சேரியை மறந்து எத்தனையோ காலமாகிறது. என் மேல் பஞ்சமம் அதற்குப் பின் பழைய எளிமையோடு திரும்பவில்லை.

கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வாகாது, அதுவும் குரல் நாண்களை வருத்தும், பேசாமலிருப்பதே ஓய்வு. செருமுவதற்குப் பதில் ஒரு மிடறு நீரை விழுங்க வேண்டும். பனங்கற்கண்டும் மிளகும் சேர்த்த பாலும், சித்தரத்தையும் தொண்டைக்கு இதம் தருபவைதான். ஆனால் விழுங்குவது உணவுக்குழாயில் போவதால் எதுவும் குரல் நாண்களை நேரடியாகத் தொடுவதில்லை என்பதை அறிந்து உண்ண வேண்டும். அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உட்கொள்வது இரத்த அழுத்தத்தை உயர்த்தும். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பாடுவது, வலி என்ற எச்சரிக்கையையே அணைத்துவிடுவது. வெறும் ஆவி பிடிப்பதும், நாள் முழுவதும் சிறிது சிறிதாக நீர் அருந்துவதும் எல்லோருக்கும் பொருந்தும்.

### சளியில்லாமல் நீடித்தால்

பாடுபவருக்கு இரண்டு வாரம்தான் எல்லை. அதற்கு மேல் வீட்டு மருந்தும் ஆசிரியரின் பயிற்சியும் காலத்தை வீணாக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம், முடிந்தால் குரல் நாண்களின் அசைவைப் படம்பிடித்துக் காட்டும் கருவி உள்ள இடத்தில், உள்நோக்கிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். முடிச்சு என்று சொன்னால் அஞ்ச வேண்டாம். அதற்கு முதல் மருத்துவம் அறுவையன்று, குரல் பயன்படுத்தும் முறையை மாற்றும் பயிற்சியே. தைராய்டு சுரப்புக் குறைந்தாலும் குரல் தடிக்கும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் கேட்கப்படலாம்.

### ஒரு நாளும் காத்திருக்கக் கூடாதவை

பாடிக்கொண்டிருக்கும்போதோ, கத்தியபோதோ, இருமியபோதோ குரல் சட்டென்று அற்றுப்போனால் குரல் நாணில் இரத்தம் கசிந்திருக்கலாம். அந்த நொடி முதல் வாய் பேசாமல் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை உட்கொள்பவரானால் அதையும் எழுதிக்காட்ட வேண்டும். கரகரப்போடு மூச்சுத்திணறல், விழுங்குவதில் சிரமம், இருமலில் இரத்தம், கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும், கழுத்திலோ மார்பிலோ அறுவைச் சிகிச்சைக்குப் பின் குரல் மாறினாலும், புகைபிடிப்பவருக்குக் குரல் கம்மினாலும் நாள் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

மருத்துவரிடம் போகும்போது முதல் பகுதியில் சொன்ன மூன்று நாள் கணக்கையும், குரல் நன்றாக இருந்த காலத்துப் பதிவு ஒன்றையும், இப்போதைய பதிவு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். பாடுபவர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேச்சுக்குப் போதுமான குரலும் பாட்டுக்குப் போதுமான குரலும் ஒன்றல்ல.

### ஓய்வுக்குப் பின் மீண்டும் தொடங்கும்போது

மருத்துவர் அனுமதித்தபின், முதல் வாரம் வழக்கமான கட்டையிலிருந்து ஒன்று குறைத்து, குழாய்ப் பயிற்சியும் 'ம்' காரமும் மட்டும் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை. இரண்டாம் வாரம் சரளி வரிசை, முதல் காலத்தில், பத்து நிமிடம். மறுநாள் காலையில் பேச்சுக்குரல் தெளிவாக இருந்தால் மட்டுமே ஐந்து நிமிடம் கூட்ட வேண்டும். கம்மியிருந்தால் முந்தைய நாளின் அளவுக்குத் திரும்ப வேண்டும். மேல்ஸ்தாயி வரிசையும் பழைய கட்டையும், பாதி நேரப் பயிற்சி ஒரு வாரம் தொடர்ந்து சிரமமில்லாமல் நடந்த பிறகு.